கானாங்கெளுத்திக்கு ஒன்று

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டியது, வரவில்லை. கம்பெனி பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டில் இருபது நிமிடம் நின்றது.

செய்ய: கேஸ் புக் பண்ண. லேப் ஓவனுக்குப் புது தெர்மாமீட்டர் கேட்க. செருப்பு தைக்கக் கொடுக்க (தோல் கம்பெனியில் வேலை, வார் அறுந்த செருப்பு).

இன்று வாசனைச் சோதனை. ஏழு ஜாடி. தோல் துண்டை ஜாடியில் போட்டு மூடி, ஓவனில் வைத்து எடுத்து, திறந்தவுடன் முகர வேண்டும். மூன்று பேர், பேனல் என்போம். ஒன்று என்றால் வாடையே இல்லை. ஐந்து என்றால் நிற்க முடியாது. மூன்று வந்தாலே அந்தத் தோல் லாட் வெளியே போகாது. அவரவர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும், பேசக் கூடாது. எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் லேப் தலைமை என்ற முறையில் என் எண்தான் முடிவு.

முதலில் முகர்வது நஸ்ரீன், என் ஜூனியர். அடுத்து ஸ்டோர்ஸ் ஆறுமுகம். கடைசியில் நான். இந்த வரிசை எந்த விதியிலும் கிடையாது. மேடம் கடைசியாகப் பார்த்துச் சொல்வார் என்று பத்தொன்பது வருடமாக வந்த வழக்கம். இப்போது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் அதுதான்.

இங்கேயாவது எழுதுகிறேன். நவம்பர் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனை தெரிவதில்லை. குறைவாக இல்லை, அறவே இல்லை. பினாயில் இல்லை, காபி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஈ.என்.டி. டாக்டர், "வரலாம், வராமலும் போலாம், வெயிட் பண்ணுங்க" என்றார். எட்டு மாதம் ஆயிற்று. தேவராஜிடம்கூடச் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னால் அவர் தம்பிக்குத் தெரியும், தம்பி மனைவிக்குத் தெரியும், அவள் அண்ணன் எங்கள் கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் இருக்கிறார்.

சமாளிக்கும் வழிகள்:

– நஸ்ரீன் முகம். மூன்று என்றால் மூக்கின் இடது பக்கம் சுருங்கும். இரண்டு என்றால் யோசிக்காமல் எழுதிவிடுவாள்.

– ஆறுமுகம் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். நாலு என்றால் மட்டும் தொண்டையைக் கனைப்பார்.

– ஜாடிக்குள் குனிந்து, கண்ணை மூடி, மூன்று எண்ண வேண்டும். அவசரம் கூடாது.

– வீட்டில், பால் பாக்கெட் தேதி.

மதியம் நஸ்ரீன், "மேடம், சனிக்கிழம என் பர்த்டே. என் ட்ரீட். காட்பாடி ரோட்ல சுஷி கடை வந்திருக்கு, ஜப்பான் சாப்பாடு. காலேஜ் பசங்க பூரா அங்கதான்" என்றாள்.

ஆறுமுகம்: "இன்னா இருக்கும் அதுல?"

"சோத்து உருண்ட மேல மீன் துண்டு வச்சுக் குடுப்பாங்க அண்ணே."

"வேக வச்சா?"

"சிலது. சிலது பச்சையா."

"எதுக்கும்மா நல்ல நாளும் அதுவுமா பேஜாரு? ஆம்பூர்ல இருந்துகிட்டு பிரியாணிய உட்டுட்டு காட்பாடிக்குப் போயி பச்ச மீனா?"

வரமாட்டார் என்று நினைத்தேன். "எத்தினி மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டார்.

பிறந்தநாள் மட்டும் காரணமில்லை. இந்த மாதம் நஸ்ரீனுக்கு இரண்டு வருடம் முடிகிறது, வேலை நிரந்தரமாகும் கடிதம் வரவேண்டும்.

ஜூலை 9, புதன்

பேக்டரி மேனேஜர் ரஷீத் சார் பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு அட்டைப்பெட்டி. ஷூ கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. ஜூன் மாத லைனிங் தோல். தைத்து முடித்த ஷூவைப் பெட்டியில் வைத்துத் திறந்தால் மீன் வாடை என்று புகார்.

காரணம் ஊகிக்கக் கடினமில்லை. தோலை மிருதுவாக்க டிரம்மில் விடும் எண்ணெயில் மீன் எண்ணெயும் உண்டு. மட்டமான பேரல் ஒன்று வந்தால் போதும். அதைப் பிடிக்கத்தான் எங்கள் ஜாடிகள்.

பெட்டியைத் திறந்து என் முகத்துக்கு நேராகத் தள்ளினார். "கருவாட்டுக் கடை மாதிரி இருக்குது பாருங்க மேடம்."

குனிந்தேன். மூன்று எண்ணினேன். "ஆமா சார்" என்றேன்.

"டெஸ்ட் பண்ணது யாரு?" தன்னிடமிருந்த ரிப்போர்ட் நகலை அவரே புரட்டினார். சோதித்தவர் நஸ்ரீன், ஒப்புதல் நான். "பொண்ணு புதுசு. அவள நம்பி நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. அதான நடந்துது?"

நான் மறுக்கவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு லெட்டர் இப்பிடியே இருக்கட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார்.

மாலை மழை. பத்து நிமிடம். சத்துவாச்சாரியில் இறங்கும்போது ரோடு காய்ந்திருந்தது.

ஜூலை 10, வியாழன்

கேஸ் வந்தது. தெர்மாமீட்டர் வரவில்லை.

ஜூன் ஃபைலை எடுத்தேன். ரிப்போர்ட்டுக்குப் பின்னால் சீட்டுகளைக் குண்டூசி குத்தி வைத்திருப்பாள் நஸ்ரீன். யாரும் கேட்பதில்லை, அவளாகச் செய்வது. அந்த லாட்டுக்கு இரண்டே சீட்டு. ஆறுமுகம் அன்று விரிஞ்சிபுரத்தில் கல்யாணம் என்று லீவு.

நஸ்ரீன்: 3. நான்: 2. முடிவு: 2.

நினைவிருக்கிறது. ஜாடியைத் திறந்த நேரம் கரண்ட் போயிற்று. ஜாடியை ஆறவிட முடியாது. ஜன்னல் பக்கம் போய் முகர்ந்தோம். வெளிச்சம் அவளுக்குப் பின்னால். முகம் தெரியவில்லை. குத்துமதிப்பாக இரண்டு போட்டேன். சீட்டைத் திருப்பியதும், "மேடம், எனக்கு லேசா மீன் மாதிரி..." என்றாள். "உன் மூக்குக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அப்படியே கேட்டேன்.

சீட்டுகளைத் திரும்பக் குத்தி ஃபைலை அதே தட்டில் வைத்தேன். லேப் ஆட்களைத் தவிர யாரும் அதைத் திறக்கப் போவதில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் நஸ்ரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சார் கிட்ட என் லெட்டர் பத்தி பேச்சு வந்துதா மேடம்?"

"பாக்கலாம்."

"அந்தப் பொட்டிய பத்தி ஸ்டோர்ஸ்ல பேசிக்கறாங்க. என் பேருதான் அடிபடுது." டோல்கேட் தாண்டியதும், "வீட்ல அண்ணன் வேலைய உடுன்னு ஒரே புடியா நிக்கறான். லெட்டர் கையில இருந்தா நான் ஒரு வார்த்த பேசலாம்" என்றாள்.

சீட்டில் மூன்று போட்டதை அவள் சொல்லிக்காட்டவில்லை. மறந்திருக்க மாட்டாள்.

ஜூலை 12, சனி

அரை நாள். இரண்டு மணிக்குக் காட்பாடி ரோடு. மொபைல் கடைக்கு மேலே முதல் மாடி. காகிதக் குடை விளக்குகள், பிளாஸ்டிக் நாற்காலி, இரைச்சலான ஃபேன். விலைக்கு ஒரு நிறமாகத் தட்டு. மேஜைக்கு மேஜை மாணவர்கள், எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். ஜப்பான் என்ற பெயரில் ஏதோ ஏமாற்று என்றுதான் படியேறினேன். கடை சுத்தமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சமையல்காரர் பாபு, குடியாத்தம். மஸ்கட் ஹோட்டலில் எட்டு வருடம் இதே வேலை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையை நனைத்துச் சோற்றைப் பிடிக்கிறார். ஒவ்வொரு பிடியும் ஒரே அளவு.

நஸ்ரீன் உட்காருமுன்பே கேட்டாள்: "மாஸ்டர், வினிகர்ல ஒயின் கிய்ன் கலக்கறீங்களா?"

"இல்லம்மா. சாதா வினிகர், சக்கர, உப்பு, அவ்ளோதான். அந்த ஊர் அரிசிச் சாராயம்லாம் நான் கிட்டவே சேக்கறதில்ல. எங்க தெருவுல பாதி பாய் வீடுங்க. அவங்க புள்ளைங்கதான் எனக்கு மொத கஸ்டமரு."

கறுப்புத் தாள் சுற்றிய உருளை முதலில் வந்தது. கடற்பாசியாம். ஒரு ஓரத்தைப் பிய்த்து, தோலைச் சோதிப்பதுபோல் மடித்து, மடிப்பு வெடிக்கிறதா என்று பார்த்திருக்கிறேன், என்னை அறியாமல். ஆறுமுகம் எட்டிப் பார்த்தார். "ஃபினிஷ் ஒடையுது மேடம். ரிஜெக்ட்."

நஸ்ரீன் சிரித்துச் சிரித்து இருமினாள்.

ஆறுமுகம் வேகவைத்த இறால், முட்டை இரண்டையும் தாண்டவில்லை. "சோறு ஆறிப்போய் கெடக்குது" என்றார். "அதான் அண்ணே பக்குவம்" என்றாள். "எங்க வூட்ல இதத்தான் பழையதுன்னுவோம்" என்றார். நாலு தட்டு முடித்தார்.

ஓரத்தில் பச்சை விழுது, வசாபி. எட்டு மாதமாக நாக்கில் உப்பு, புளிப்பு, காரம் தவிர எதுவும் ஏறுவதில்லை. அதனால் எதையும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. பாபு "மேடம், கம்மியா, கம்மியா" என்று கத்துவதற்குள் வாயில் போட்டுவிட்டேன்.

மூக்கின் உச்சி வரை ஏறியது. கண்ணில் தண்ணீர். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நஸ்ரீன் தண்ணீரை நீட்ட, வேண்டாம் என்று கையைக் காட்டினேன். போய்விடக் கூடாது என்று இருந்தது. மூக்கு என்று ஒன்று முகத்தில் இருப்பது நவம்பருக்குப் பிறகு இன்றுதான் தெரிந்தது. டாக்டர் சொன்ன "வரலாம்" இதுதான் என்று நினைத்தேன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் இப்படித்தான் நினைத்தாள்.

பிறகு பாபு தானாக ஒரு தட்டு கொண்டுவந்தார். "பர்த்டேன்னு காதுல உழுந்துது. இது கானாங்கத்த. உப்புல ஊற வச்சு, வினிகர்ல ஊற வச்சு நானே செய்யறது. வாசன ஜாஸ்தி. புடிச்சவங்களுக்குத்தான் புடிக்கும்."

அப்போது இது என் மனதில் பதியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ரீன், "மேடம், பேனல் வைக்கலாமா?" என்று டிஷ்யூ பேப்பரை மூன்றாகக் கிழித்தாள். விளையாட்டுதான். பழக்கத்தில் நான் பின்னால் சாய்ந்து அவள் முகரக் காத்திருந்தேன். அவள் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"நீ முதல்ல" என்றேன்.

"ஐயோ, நீங்க மொதல்ல மேடம்."

"ஆறுமுகம் பெரியவரு, அவரு..."

"வயசு கெடக்குது. சாப்பாட்டுத் தட்டுல மேடம் இருக்கும்போது நான் மொதல்ல கை வைக்கவா? தோலுக்கு வேணா கடைசியா வாங்க" என்றார் ஆறுமுகம்.

எத்தனையோ சாக்கு இருந்தது. இப்போது ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. அப்போது தேவை என்றே தோன்றவில்லை. மூக்கு இன்னும் சுறுசுறுவென்று இருந்தது. தட்டை வாங்கிக் குனிந்தேன். கண்ணை மூடி மூன்று எண்ணினேன். ஒன்றும் இல்லை. நல்ல மீன் நாறாது என்று எங்கோ படித்திருக்கிறேன். 1 என்று எழுதிக் கவிழ்த்தேன். எட்டு மாதத்தில் யார் முகத்தையும் தேடாமல் எழுதிய முதல் எண்.

அடுத்து நஸ்ரீன். மூக்கின் இடது பக்கம் சுருங்கியது. நன்றாகவே சுருங்கியது. அடுத்து ஆறுமுகம். தொண்டையைக் கனைத்தார்.

நஸ்ரீன் திருப்பினாள். 4. 4. 1.

"மேடம் தமாஷ் பண்றாங்க" என்று ஆறுமுகம் சிரித்தார்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பாபு: "ஒண்ணா? கீழ மொபைல் கடைக்காரரு டெய்லி வந்து சண்ட போடறாரு மேடம் இந்த வாசனைக்கு!"

நான் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. ஆறுமுகத்தின் சிரிப்பும் நின்றது. நஸ்ரீன் சிரிக்கவே இல்லை. சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கரண்ட் போன நாளை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்புறம் மூன்று சீட்டையும் அள்ளி சோயா சாஸ் கிண்ணத்தில் போட்டாள். கறுப்பாக ஊறி எண்கள் மறைந்தன. "மேடத்துக்கு சளி அண்ணே. காலைலருந்து தும்மிகிட்டே இருக்காங்க" என்றாள்.

நான் இன்று ஒருமுறைகூடத் தும்மவில்லை.

"சளின்னா மெளகு ரசம் வைங்க மேடம்" என்றார் ஆறுமுகம், தட்டைப் பார்த்துக்கொண்டு.

படி இறங்கும்போது நஸ்ரீன் என் பின்னால். தாழ்ந்த குரலில், "மார்ச்சுல ஒரு டெஸ்ட் நாளு தல நெறைய மல்லிப்பூ வச்சிட்டு வந்தீங்க. பூ, சென்ட் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்னதே நீங்கதான. அப்பவே தோணிச்சு மேடம்" என்றாள்.

பக்கத்து வீட்டில் கொடுத்த பூ. வாசனை தெரியாததால் தலையில் இருப்பதையே மறந்திருந்தேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் வீட்டுக்குப் போ" என்றேன். இதுதான் நான் அவளுக்குச் சொன்னது. பிறந்தநாள் வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். செருப்பு இன்னும் தைக்கவில்லை.

டாக்டர் கொடுத்த தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். எல்லாம் அதிலேயே இருக்கிறது. எரிச்சலை உணரும் நரம்பு வேறு, வாசனை நரம்பு வேறு. எரிச்சல் போகாது. தொழிற்சாலையில் அமோனியா பக்கம் போனால் இன்றும் எனக்குக் கண் கரிக்கிறது, அதைப் போலத்தான் பச்சை விழுதும். எதுவும் திரும்பி வரவில்லை.

மதியம் மீன் குழம்பு. தேவராஜ் சாப்பிடும்போது சொன்னேன், எனக்கு வாசனை தெரிவதில்லை என்று. நிமிர்ந்து பார்க்காமல், "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"கெட்டுப்போன பால்ல மூணு வாட்டி காபி போட்டுக் குடுத்த. மொத வாட்டி எம் மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்."

"குடிச்சீங்களா?"

"மொத வாட்டி குடிச்சேன்."

மூன்றாவது காபிக்குப் பிறகு பாலைத் தினமும் அவரே முகர்ந்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜில் வைக்கிறாராம். தேதி பார்த்துச் சமாளிக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வேலைக்கு ஒண்ணும் பிரச்சின இல்லியே?" என்றார்.

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். நஸ்ரீன் கடிதத்தையும். குழம்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "அந்தப் பொண்ணு சீட்டு ஃபைல்ல பத்தரமா இருக்குதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

அவர் தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். இனி யார் சொன்னால் என்ன.

ஜூலை 14, திங்கள்

நல்ல மழை, விடியும்போதே. பஸ் சரியான நேரம். பாலாற்றில் தண்ணீர் இல்லை, வழக்கம்போல்.

ஒன்பதரைக்கு ஃபைலுடன் ரஷீத் சார் அறை. இரண்டு சீட்டையும் அவர் முன்னால் வைத்தேன். மூன்று அவள் போட்டது, இரண்டு நான் போட்டது, என் எண் முடிவு என்பதால் லாட் போயிற்று, எனக்கு நவம்பரிலிருந்து வாசனை தெரியாது. நாலு வாக்கியம். பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

இரண்டு சீட்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். "இன்னா மேடம் நீங்க" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "எட்டு மாசமா யாரு மூக்க நம்பி லோடு ஏத்தினோம் நாங்க?"

"நஸ்ரீன் மூக்க, சார். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் என் மூக்க."

"புதன்கிழம கேட்டனே. அப்ப சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்."

சென்னை ஆபீசுக்கு எழுத வேண்டும் என்றார். எழுதச் சொன்னேன். கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்குமா, லேப்பிலேயே வைத்திருப்பார்களா, தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. நஸ்ரீன் கடிதத்தை என் எதிரிலேயே எடுத்துக் கையெழுத்துப் போட்டு, "நீங்களே குடுத்துடுங்க" என்றார். வேண்டாம், நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள் என்றேன்.

கிடங்கில் இருக்கும் ஜூன் லாட் அத்தனையும் மறுபடி சோதனை. பதினான்கு ஜாடி. ஓவனுக்கு நேரம் பார்ப்பது நான், முடிவு எண் நஸ்ரீனுடையது. அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு பையனை மூன்றாவது ஆளாக நாளை அனுப்புகிறார்களாம்.

லேப்பில் ஆறுமுகம், "சளி எப்பிடி மேடம்?" என்றார். "சளி இல்ல ஆறுமுகம்" என்றேன். "அது சரி" என்று ஜாடியை எடுத்தார்.

நஸ்ரீன் பன்னிரண்டு மணிக்குக் கடிதத்தோடு வந்தாள். பையில் வைத்தாள். கையைக் கழுவினாள். "மொத ஜாடி எடுக்கலாமா மேடம்?"

"எடு."

ஆறுமுகம் முகர்ந்தார், எழுதினார். இனி நஸ்ரீன்தான் கடைசி. அவள் ஜாடியை வாங்கிக்கொண்டு, முகராமல், என் பக்கம் நீட்டினாள். அவள் மறு கையில் பேனா, முன்னால் ரிஜிஸ்டர். பழக்கதோஷமா, வேண்டுமென்றா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்கிக் குனிந்தேன். எண்ணவில்லை.

"மேடம்?"

"தெரியல" என்றேன்.

எண் எழுதும் கட்டத்தில் என் பெயருக்கு நேராக 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு ஜாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இன்னும் பதின்மூன்று இருந்தன.